மூணு நிலைச் சீர்

விழுப்புரம்
20.10.2024

அன்பு மருமகள் அஸ்வினிக்கு மாமன் மாசிலாமணி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் பாஞ்சாலி அத்தையும் எங்கள் கோழிகளும் சௌக்கியம். அங்கு நீயும் என் தங்கச்சி அம்சாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிப் போடவும்.

நடந்த எல்லாவற்றையும் நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். உனக்கு வளவனூர் வரன்தான் முடியும் என்று ஆடி மாதமே உன் அத்தையிடம் சொன்னேன். பையன் பெயர் 'பி'யில் ஆரம்பிக்கும் என்றேன், பிரவீன்குமார் வந்தார். தை மாதம் தேதி வைப்பார்கள் என்றேன், வைத்துவிட்டார்கள். அஞ்சாம் கிளாஸோடு நின்றவனுக்கே இவ்வளவு தெரிகிறது. ஆறாம் கிளாஸ் போயிருந்தால் நாடு தாங்காது என்றுதான் நின்றுவிட்டேன்.

உன் அப்பா இல்லாத குறை அன்றைக்கு யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. திண்டிவனம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மேளத்தோடு நடந்து சீர் கொண்டுவந்து, என் கையால் உன் நெற்றியில் பட்டம் கட்டுவேன். தாய்மாமன் காலால் நடந்து கொண்டுவந்தால்தான் அது சீர். காரில் வந்தால் பார்சல்.

நீ போனில் கூப்பிட்டதாக அத்தை சொன்னாள். என் போன் பின்கட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டது. மீன் ஏதாவது எடுத்துப் பேசினால்தான் உண்டு. இனிமேல் எதுவானாலும் கடிதம்தான்.

உன் கல்யாணத்தை உனக்கு முன்பே பார்த்துவிட்ட மாமன்,
மாசிலாமணி


திண்டிவனம்
28.10.2024

மாமாவுக்கு அஸ்வினி எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். கோழிகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இன்லேண்ட் லெட்டரைப் பார்த்ததும் தெருவில் நாலு பேர், யார் தவறிவிட்டார்கள் என்று கேட்க வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினேன். "மிஸ், இதை எந்தப் பக்கம் ஓப்பன் பண்றது?" என்கிறார்கள்.

கிணற்றில் விழுந்த போனுக்கு நேற்றும் அடித்துப் பார்த்தேன். ரிங் நன்றாகப் போகிறது. மீன்தான் எடுக்க மாட்டேன் என்கிறது.

ஒன்று கேட்கிறேன் மாமா. நிச்சயதார்த்தத்தன்று எங்கள் மாடிப்படியில் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கேட்டதற்கு, கொத்தனார் வேலை எப்படி என்று பார்க்கிறேன் என்றீர்கள். கட்டிப் பத்து வருஷம் ஆன படி அது. கொத்தனாரே உயிரோடு இல்லை. அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முகையூர் ஆனந்தராஜ் மாமா வந்திருந்தார். உங்கள் சித்தப்பா மகனான அவர் புதுக் கார் வாங்கிய விஷயம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அதைக் காட்டிவிட்டு, "அண்ணனுக்கு முடியலைன்னா சொல்லு அம்சா. சீரை நான் கொண்டாந்து எறக்கிட்டுப் போறேன். நானும் மாமன் முறைதானே" என்றார். எனக்குப் பார்சல் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

படியில் ஏன் நின்றீர்கள் என்பதற்கு மட்டும் அலங்காரம் இல்லாமல் ஒரு பதில் எழுதுங்கள். அத்தைக்கு என் அன்பு.

அஸ்வினி


விழுப்புரம்
9.11.2024

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்து, படித்து, மறுபடி படித்து, சுகம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டியது.

நீ கேட்டதால் சொல்கிறேன். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்து அசந்துபோனார்கள். "இவ்வளவு உழைச்ச நுரையீரலை நான் பார்த்ததே இல்லை" என்று மற்ற டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள். ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டு, புகையையும் தூசியையும் அத்தனை வருஷம் ஒருத்தன் உள்ளே வாங்கினால் சும்மாவா. இனி அதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று ஒரு பெட்டி மாட்டச் சொன்னார்கள். தேவா ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பினான். அப்பனுக்கு என்றதும் லீவு போட்டு அலைந்திருக்கிறான் பிள்ளை.

தோளில் மாட்டுகிற பைக்குள் பெட்டி. பெட்டியிலிருந்து மெல்லிய குழாய் மூக்குக்கு. வெளியில் இருக்கிற காற்றிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பொறுக்கி, நான் மூச்சை இழுக்கிற நேரம் பார்த்துப் 'புஸ்' என்று ஒரு வாய் கொடுக்கும். பேட்டரியில் ஓடும், சார்ஜ் போட வேண்டும். நெருப்புக்கும் இதற்கும் ஜென்மப் பகை. பீடி, அடுப்பு, கற்பூரம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பீடியை விட்டுவிட்டேன். பீடிக் கம்பெனிக்காரன் வந்து அழுதான்.

இதை மாட்டிக்கொண்டு தினமும் நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. நான் நடப்பது விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில். மேடு பள்ளம் கிடையாது, அங்கங்கே பெஞ்சு, சார்ஜ் போடப் பிளக்கும் உண்டு. தோளில் பெட்டியையும் முகத்தில் குழாயையும் பார்த்து, டிக்கெட் எடுக்காத இரண்டு பேர் என்னைச் செக்கிங் ஆபீசர் என்று நினைத்து வந்து கையைக் கட்டி நின்றார்கள். எச்சரித்து அனுப்பினேன்.

நடையில் சிங்கம்,
மாசிலாமணி

அஸ்வினி, அத்தை எழுதுறேன். டாக்டரம்மா ஒண்ணும் அசந்து போகலை, திட்டினாங்க. இவ்ளோ நாள் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்கன்னு என்னையும் சேர்த்துத் திட்டினாங்க. பெட்டி வந்த நாள்லேருந்து முகத்துல கொஞ்சம் களை வந்திருக்குது, அது வரைக்கும் நெசம். ஆனா தெரிஞ்சவங்க யாராவது எதிர்ல வந்தா குழாயைக் கழட்டிப் பையில போட்டுக்கிறாரு. பெறவு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கினு நிக்கறாரு. விழுப்புரம் ஜங்ஷன்ல இவருக்குத் தெரியாத ஆளு யாரு இருக்கா.


திண்டிவனம்
17.11.2024

மாமாவுக்கும், உண்மை எழுதிய அத்தைக்கும் அஸ்வினியின் வணக்கம். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் உடம்பைப் பற்றித்தான் பேச்சு.

முதலில், குழாயைக் கழற்றாதீர்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் சோடாபுட்டிக் கண்ணாடி போடுகிறார். எதிரே ஆள் வந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்கிறாரா? கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி மூச்சுக்கு அது. கல்யாணத்துக்கும் அப்படியே மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். நடந்துதான் வர வேண்டும்.

ஒரு சிரிப்பு. ஆனந்தராஜ் மாமா நேற்று அம்மாவிடம் சொல்கிறார்: "மூக்குல குழாயை மாட்டிக்கினு ஒருத்தரு பட்டம் கட்டினா, நாளைக்கு போட்டோவைப் பார்க்கிறவனுக்கு இது கல்யாணமா ஆஸ்பத்திரியான்னே தெரியாது." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

அத்தைக்கு மல்லாட்டைக் கடலை உருண்டை செய்து அனுப்புகிறோம். பாதி உங்களுக்கு.

அஸ்வினி


விழுப்புரம்
12.12.2024

அன்பு மருமகளுக்கு மாமன். புயலிலும் வெள்ளத்திலும் தப்பித்து இந்தக் கடிதத்தை எழுதும்படி கடவுள் வைத்திருக்கிறார். உங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று கேள்விப்பட்டு நிம்மதி.

இந்தப் புயல் வரும் என்று எனக்கு முன்னாடியே தெரியும். கோழி ஒரு மாதிரியாகக் கூவியது. ஆனால் கரண்டு இத்தனை நாள் வராது என்பதைக் கோழி சொல்லவில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே வருகிறது. ஊரே இருட்டு. கடைசியில் நம் பழைய ரைஸ் மில்லில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று தகவல். தெருவில் மார்பளவு தண்ணீர். வசுதேவர் கூடையைத் தூக்கிக்கொண்டு யமுனையில் இறங்கினாரே, அந்த மாதிரி பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் விலகி வழிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சார்ஜ் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தோம். ஒன்று மட்டும் தோன்றியது அஸ்வினி. என் மூச்சை வாங்கிக்கொண்ட மில்லே மூச்சுக்குச் சார்ஜும் கொடுத்தது. கணக்கு நேர்.

பேப்பரில் இடம் இல்லாததால் இத்துடன் முடிக்கிறேன்.

மாசிலாமணி

தண்ணி முழங்கால் அளவுதான். பெட்டியைத் தலையில வச்சிக்கினு போனது நானு. இவரு பின்னால என் முந்தானையைப் பிடிச்சிக்கினு வந்தாரு. அங்கங்க நின்னுட்டு, "வெள்ளத்தைப் பார்வையிடறேன்"னு போற வர்றவங்ககிட்ட சொல்லிக்கினாரு. அஸ்வினி எழுதின விஷயத்துக்குப் பதில் எழுதுங்கன்னேன். பேப்பர்ல இடம் இல்லைங்கறாரு. கீழ எவ்ளோ இடம் கெடக்குது பாரு. — பாஞ்சாலி


விழுப்புரம்
6.1.2025

அஸ்வினிக்கு மாமா எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நலமா.

சீர்த் தட்டுகளுக்கு வேண்டியதெல்லாம் வாங்கியாகிவிட்டது. புடவை உன் அத்தை எடுத்துவிட்டாள், அரக்கு நிறம். எல்லாவற்றையும் ஆனந்தராஜிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனே பட்டம் கட்டட்டும். அவனிடம் கார் இருக்கிறது. பார்க்கவும் நன்றாக இருப்பான். கோயிலிலிருந்து மண்டபம் வரை நடப்பது எனக்குக் கஷ்டம். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

மாசிலாமணி


திண்டிவனம்
11.1.2025

மாமாவுக்கு அஸ்வினி. எங்கள் சௌக்கியம் இருக்கட்டும்.

அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்ததில் உங்கள் புயல் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அதற்குள் இப்படி ஒரு கடிதம். அதை நாலு தடவை படித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனந்தராஜ் மாமா சொன்னதைச் சிரிப்பு என்று எழுதினேனே, நான்தான் முட்டாள். அவர் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் உங்களுக்குக் குத்தியிருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் (பிரவீன்குமாரிடம்) பெட்டி விஷயத்தை எல்லாம் சொன்னேன். "மேடைக்குப் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் தனியா விடச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு இந்தக் கல்யாணத்தில் பயம் போனது அப்போதுதான்.

போன் கதையும் அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன் உங்கள் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். இரண்டு வரி பேசினால் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டுவிடும் என்றுதான் எடுப்பதில்லையாம். கேட்டால் என்ன மாமா?

முடிவாகச் சொல்கிறேன். பட்டம் நீங்கள் கட்டினால் கட்டிக்கொள்வேன். இல்லாவிட்டால் எனக்குப் பட்டமே வேண்டாம், வெறும் நெற்றியோடு மணையில் உட்காருவேன். ஊர் கேட்டால் காரணத்தையும் சொல்வேன். கோயிலிலிருந்து மண்டபம் வரை ரோட்டில் பெஞ்சு கிடையாது, அதுதான் சங்கடம் என்று எனக்குத் தெரியும். அதற்கு வழியை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஆறாம் கிளாஸ் போயிருந்தால் நாடு தாங்காது என்றீர்களே.

அஸ்வினி


விழுப்புரம்
24.1.2025

அன்பிற்கும் பிடிவாதத்திற்கும் உரிய மருமகளுக்கு, மாமன் மாசிலாமணி பூரண சுகத்தோடு எழுதுவது. பொங்கல் நன்றாக நடந்ததா. எங்கள் பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. அப்போதே எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துவிட்டது.

நம் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் விட்டுப்போனது. மூணு நிலைச் சீர் என்று பெயர். உன் கொள்ளுத்தாத்தா தன் தங்கச்சி மகளுக்குச் சீர் கொண்டுபோகும்போது செஞ்சி ராஜா குதிரையில் எதிரே வந்தாராம். மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கினார்கள். கொள்ளுத்தாத்தா மட்டும் ஒதுங்கவில்லை. "சீர் ஒதுங்காது, வேணும்னா நிக்கும்" என்று அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ராஜா இறங்கி வந்து, "இனிமேல் உன் வம்சத்துச் சீர் மூணு இடத்தில் உட்கார்ந்துதான் வர வேண்டும், அதுதான் உங்களுக்குக் கௌரவம்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அதற்கு முறைகள் உண்டு. உன் அம்மாவிடமும் மாப்பிள்ளை வீட்டிலும் படித்துக் காட்டவும்.

கோயிலிலிருந்து மண்டபம் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் சீர் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தில் தாய்மாமனுக்கு நாற்காலி போட வேண்டும். அந்த நாற்காலியைப் பங்காளி ஒருவன்தான் தூக்கி வர வேண்டும். ஆனந்தராஜ் பொருத்தமாக இருப்பான். மேளக்காரர் ஒவ்வொரு நிலையிலும் முழுசாக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் குற்றம். அதுவரை தாய்மாமனிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, அவன் மனசுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். மண்டப வாசலில் கற்பூர ஆரத்தி ஆகாது, தண்ணீரும் பூவும்தான். ராஜாவின் குதிரை கற்பூரத்தைப் பார்த்து மிரண்டதால் வந்த முறை அது.

இந்த முறைப்படி என்றால் நான் வரத் தயார். வழக்கத்தை மீறி வர முடியாது.

குலப் பெருமை காக்கும்,
மாசிலாமணி

அந்தக் காலத்துல நாற்காலி ஏதுன்னு கேட்டேன். கேக்கக் கூடாதாம். — பாஞ்சாலி


திண்டிவனம்
30.1.2025

மாமாவுக்கு அஸ்வினி. எல்லாரும் நலம். கல்யாண வீடு, நேரம் இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டி, இப்பத்தான் ஞாபகம் வருது. என் கல்யாணத்துலகூட நின்னாங்க. ரெண்டாவது நிலையில மழை தூறிச்சு" என்றாள்.

அம்மாவின் தாய்மாமன் அந்தக் கல்யாணத்துக்கே வராமல் கோபித்துக்கொண்டு ஊரில் இருந்துவிட்டார் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் சரி என்றுவிட்டார்கள். செஞ்சி ராஜா என்றதும் என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

வழக்கப்படி வந்து சேருங்கள்.

அஸ்வினி


விழுப்புரம்
19.2.2025

கல்யாணப் பெண்ணாக இருந்து வளவனூர் வீட்டுக்காரியாகிவிட்ட அஸ்வினிக்கும் மாப்பிள்ளைக்கும் மாமனின் ஆசி. இங்கு கால் வலியைத் தவிர எல்லாம் சுகம். அங்கு சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா.

நீ மண்டபத்துக்குள் இருந்தாய், சீர் வந்த அழகைப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். திண்டிவனமே நின்றது. மேம்பாலத்தில் பஸ்ஸை நிறுத்திப் பார்த்தார்கள். முன்னால் மேளக்கார வல்லரசு, பின்னால் நான், தோளில் பெட்டி, மூக்கில் குழாய். எனக்குப் பின்னால் தட்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஆனந்தராஜ், தலையில் நாற்காலி. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலி தூக்கியவனை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. அந்த ஒரு காட்சிக்கே இன்னொரு தடவை நடப்பேன்.

முதல் நிலை மருந்துக் கடை வாசல். உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் ஊதுகிற மாதிரி மெதுவாக மூச்சை விட வேண்டும் என்பது டாக்டரம்மா சொன்ன முறை. நான் அப்படி விட்டதைப் பார்த்து, மாமன் மந்திரம் சொல்கிறான் என்று ஒரு அம்மா கும்பிட்டாள். இரண்டாம் நிலை செருப்புக் கடை. அங்கே வல்லரசு ஜல்தியாக முடிக்கப் பார்த்தான். கையைக் காட்டினேன். இன்னொரு பாட்டு வாசித்தான்.

மூன்றாம் நிலைக்குப் போகும்போது பெட்டி 'கீ கீ' என்று கத்தியது, பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உன் அத்தை அசரவில்லை. வெற்றிலைத் தட்டில் வெற்றிலைக்கு அடியிலிருந்து வேறு பேட்டரியை எடுத்தாள். ஆனந்தராஜ் நாற்காலியைப் போட்டு என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "அண்ணே, அவசரமே இல்லை. நீ மூச்சு விடு. இன்னிக்குப் பூரா வாசிக்கச் சொல்றேன்" என்றான். பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது வழக்கம். ஆனாலும் அவனை மன்னித்துவிட்டேன். ஊர் முழுக்க எதிரியை நாற்காலி தூக்க வைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

பட்டம் கட்டும்போது என் கை நடுங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பெட்டியின் அதிர்வு அது.

சீர் சுமந்த சிங்கம்,
மாசிலாமணி


வளவனூர்
9.6.2025

மாமாவுக்கும் அத்தைக்கும் அஸ்வினி எழுதுவது. நானும் அவரும் நன்றாக இருக்கிறோம். வெயில்தான் தாங்கவில்லை. பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள்.

நீங்கள் செய்த வேலை எங்கே வந்து நிற்கிறது தெரியுமா?

போன வாரம் இங்கே அவருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இளந்தாரி, தினம் ஜிம்முக்குப் போகிறவர். காரில் வந்து சீரை இறக்கினார். என் மாமியார் வாசலை மறித்துவிட்டார். "மூணு நிலை நிக்காம இது இன்னா சீரு? எங்க மருமவ கல்யாணத்துல செஞ்சி ராஜா காலத்து மொறையில வந்துச்சு. எங்க பொண்ணு மட்டும் எளப்பமா?" பேஜாராகிவிட்டது. அந்த ஆளைத் தெருமுனைக்குத் திருப்பி அனுப்பி, நடக்க வைத்து, மூன்று இடத்தில் உட்கார வைத்தார்கள். தோளில் பை வேண்டும் என்று யாரோ சொல்ல, யாருடையதோ லேப்டாப் பையை மாட்டிவிட்டார்கள். வெற்றிலைக்கு அடியில் வைக்க டார்ச் லைட் பேட்டரி. மந்திரம் தெரியாமல் அவர் திருதிருவென்று விழித்தார். உதட்டைக் குவித்து ஊதுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சிரிக்காமல் சொன்னேன், சத்தியமாக.

இன்னொன்றும் பார்த்தேன். என் மாமனாரின் அண்ணன் இதய ஆபரேஷன் ஆனவர். எந்தக் கல்யாணத்திலும் நேராக மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாராம். அன்றைக்கு வரிசையோடு நடந்து வந்தார். ஒவ்வொரு நிலையிலும் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு மேளத்தோடு நடந்தேன் என்று சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரிடமும் சொன்னார்.

என் மாமியார் இன்னொன்று சொன்னார். எங்கள் கல்யாணத்தில், மூக்கில் என்னங்க என்று உங்களிடம் கேட்டாராம். "மில்லுல நுரையீரல் போச்சுங்க. இதை மாட்டினா நடப்பேன்" என்று மட்டும் சொன்னீர்களாம். நீங்களா அப்படிச் சொன்னீர்கள்? மாமியாருக்கு அதிலிருந்து உங்கள்மேல் தனி மரியாதை.

இப்போது சிக்கல். என் மாமனார் அடுத்த கல்யாணப் பத்திரிகையில் அந்த ராஜா பெயரைப் போட வேண்டும் என்கிறார். எனக்கு மட்டும் சொல்லுங்கள் மாமா. எந்த ராஜா?

அஸ்வினி


விழுப்புரம்
22.6.2025

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. டாக்டரம்மா பார்த்தார்கள், நடையை விடாதீர்கள் என்றார்கள். அதனால் நானும் பெட்டியும் சுகம். உன் அத்தை எங்கள் இருவரோடும் மல்லுக்கட்டிக்கொண்டு சுகம். அங்கு எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இதுவும் எனக்கு முன்னாடியே தெரியும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தெரியாது.

உன் மாமியாரிடம் அப்படிச் சொன்னது நான்தான். மூன்றாம் நிலையிலிருந்து அப்போதுதான் வந்து நின்றிருந்தேன். பொய் என்பது நீளம், அதற்கு மூச்சு வேண்டும். கையில் இருந்த மூச்சுக்கு உண்மைதான் கட்டுப்படியானது. சொன்ன பிறகு பார்த்தால் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதிலிருந்து பிளாட்பாரத்தில் யார் எதிரே வந்தாலும் குழாயைக் கழற்றுவதில்லை. அத்தையைக் கேட்டுப் பார்.

ராஜா பெயருக்கு வருகிறேன். நானும் ஏதாவது ஒரு பெயர் அகப்படுமா என்று யோசித்துப் பார்த்தேன். உன்னிடம் வேண்டாம். செஞ்சி ராஜா வரவில்லை. குதிரையும் வரவில்லை. உன் கொள்ளுத்தாத்தாவுக்குக் கூடப்பிறந்த பெண்ணே கிடையாது, அவர் யாருக்குச் சீர் எடுத்திருப்பார். விழுப்புரம் பிளாட்பாரத்தில் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து உட்கார்ந்து நடப்பேன். மூன்று பெஞ்சுக்கு மேல் என்னால் ஆகாது. அந்த மூன்று பெஞ்சுதான் மூணு நிலை.

இதை உன் மாமனாரிடம் சொல்லிவிடாதே. பத்திரிகையில் 'முன்னோர் முறைப்படி' என்று போட்டால் போதும், அவருடைய அண்ணனே ஒரு முன்னோர்தான். எனக்குப் பின்னால் மூச்சு வாங்குகிற மாமன்கள் எத்தனை பேர் வரப்போகிறார்களோ. அவர்களுக்கு நடுரோட்டில் கௌரவமாக உட்கார ஒரு நாற்காலி இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எடுக்கிறேன். ஒரு வரி பேசுவேன், அப்புறம் ஒரு நிலை நிற்பேன். அந்த நேரத்தில் நீ பேச்சுக் கொடுக்கக் கூடாது, லைனைத் துண்டிக்கவும் கூடாது. அது நம் குல வழக்கம்.

மாசிலாமணி